வாசிக்காமல் கையெழுத்து வாங்கிய தாள்

இரண்டு வருடங்களுக்கு முன்பு, தீபாவளி கழிந்த மறு வாரம் நடந்தது இது. அப்புத்தளைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், முன்பு துரை குடியிருந்த பங்களாவை உல்லாச விடுதியாக மாற்றியிருந்தார்கள். அங்கே வரவேற்பு மேசையில் எனக்கு வேலை. உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு, பதுளையில் ஒரு வருடம் ஆங்கிலமும் கணினியும் படித்த கையோடு கிடைத்த வேலை. சேர்ந்து மூன்று மாதத்தில் விடுதியின் சமூக வலைத்தளப் பக்கத்தையும் என்னிடமே ஒப்படைத்துவிட்டார்கள். படம் எடுக்க வேண்டும், போட வேண்டும், வருகிற கேள்விகளுக்குப் பதில் எழுத வேண்டும். சம்பளம் கொடுத்து போனில் விளையாட விடுகிறார்களா என்று வீட்டில் கேலி செய்தார்கள். எனக்கோ தலைகால் புரியவில்லை. எதைச் சொன்னாலும் “நாளைக்கே செஞ்சு தாரேன் சேர்” என்று ஓடுகிற ஆள் நான்.

அதே விடுதியில் எங்கள் தோட்டத்து அக்கா ஒருவரும் வேலை செய்தார். தோட்டத்து வரிசை வீடுகளில் எங்கள் லயத்துக்கு மேல் லயம். வயது முப்பத்திரண்டு இருக்கும். பத்து வருடம் மலையில் கொழுந்து பறித்தவர். ஒரு மழை நாளில் கூடையோடு சறுக்கி விழுந்ததில் வலது முழங்கால் போய்விட்டது. இனி மேடு ஏறக் கூடாது என்று பதுளை ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். விடுதிக்கு முன்னால் சமதரையில் கொஞ்சம் தேயிலை உண்டு. விருந்தினர்களுக்குக் கொழுந்து பறிப்பதைச் சொல்லிக்கொடுக்க அங்கே ஓர் ஆள் தேவைப்பட்டது. அந்த வேலை அக்காவுக்குக் கிடைத்தது. வருகிறவர்களுக்கு விடுதியே கரை வைத்த சேலையும் புதுக் கூடையும் கொடுக்கும். அவர்கள் அதைக் கட்டிக்கொண்டு இரண்டு இலை கிள்ளிப் படம் எடுத்துக்கொள்வார்கள். அந்தத் துண்டுத் தேயிலை கையை விட்டுப் போனால் அக்காவுக்கு வேறு வேலை இல்லை. மலைக்குப் போகக் கால் விடாது. கணவர் கொழும்பில் ஒரு கடையில் நிற்கிறார், இரண்டு பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிறார்கள்.

விடுதிப் பக்கத்தைத் திறந்தால் முதலில் தெரிவது அக்காவின் முகம்தான். நான் எடுத்த படம். காலை வெயிலில் கூடையோடு சிரித்துக்கொண்டிருப்பார். அதையே கீழே பிரதான பாதையில் பெரிய பலகையாகவும் வைத்தார்கள். வைக்கட்டுமா என்று அவரிடம் யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று தோன்றவும் இல்லை. பலகையைப் பார்த்த அன்று அக்கா என் மேசைக்கு வந்தார்.

“என்னா புள்ள, என்னையக் கொண்டு போயி ரோட்டுல நிக்க வச்சிருக்க. மழைக்கு ஒரு கொடையாவது குடுத்திருக்கலாம்ல.”

இருவரும் சிரித்தோம். அதோடு முடிந்தது என்று நினைத்தேன்.

சில வாரம் கழித்து ஒரு பிரச்சினை வந்தது. சாப்பாடு பரிமாறுகிற ஒருவர் விருந்தினர் குடும்பத்தோடு எடுத்த செல்ஃபியைத் தன் பக்கத்தில் போட்டுவிட்டார். அந்தக் குடும்பம் முறைப்பாடு செய்தது. அது நியாயமான முறைப்பாடுதான், இல்லையென்று சொல்ல மாட்டேன். மெனேஜர் கொழும்பிலிருந்து வந்தவர். தமிழ் கொஞ்சம் விளங்கும், பேச வராது. அவர் என்னைக் கூப்பிட்டு, வேலை நேரத்தில் ஊழியர்கள் சமூக வலைத்தளம் பாவிப்பது பற்றி ஒரு விதிமுறை வேண்டும் என்றார். நாளைக்கே தருகிறேன் என்று சொன்னேன். வேறென்ன சொல்லியிருப்பேன்?

இணையத்தில் தேடினேன். ஏதோ ஒரு வெளிநாட்டுக் கம்பெனியின் விதிமுறை கிடைத்தது. மூன்று பக்கம், பதினாறு விதிகள், பளபளக்கிற ஆங்கிலம். அந்தக் கம்பெனியின் பெயர் வந்த இடமெல்லாம் எங்கள் விடுதியின் பெயரைப் போட்டேன். முதல் ஐந்து விதிகளை வாசித்தேன். நற்பெயர், ஒழுக்கம், ஊறு என்றெல்லாம் இருந்தது. நம்மால் இப்படி எழுத முடியுமா என்று எனக்கே பெருமையாக இருந்தது. எழுதியது நானில்லை என்பது வேறு விஷயம். மிச்சப் பதினொன்றையும் கண்ணால் தடவிவிட்டு அச்செடுத்தேன். மெனேஜர் புரட்டிப் பார்த்துவிட்டு, எல்லோரிடமும் கையெழுத்து வாங்கு என்றார்.

இங்கேதான் நான் செய்த வேலையைச் சொல்ல வேண்டும். விடுதியில் காலை ஆறே முக்காலுக்குப் பின்முற்றத்தில் எல்லோரும் வரிசையாக நிற்போம். யாருக்கு எந்த வேலை என்று அங்கேதான் பிரித்துக் கொடுப்பார்கள். தோட்டத்தில் மலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டு மாதிரியே இருப்பதால் எல்லோரும் அதையும் பெரட்டு என்றே சொல்வார்கள். பெரட்டில் ஒரு தாளை நீட்டினால் எங்கள் ஆட்கள் கையெழுத்துப் போட்டுவிடுவார்கள். என்ன தாள் என்று கேட்க மாட்டார்கள். கேட்டால் பெரட்டு பிந்தும், பெரட்டு பிந்தினால் ஏச்சு விழும். அப்பா, தாத்தா காலத்திலிருந்து கை அப்படிப் பழகிவிட்டது. லயத்தில் பிறந்த எனக்கு இது நன்றாகத் தெரியும். தெரிந்துதான் பெரட்டு நேரத்தைத் தேர்ந்தெடுத்தேன். இருபத்திரண்டு பேர், ஐந்து நிமிடம். மெனேஜர் ஆச்சரியப்பட்டுப் போனார்.

அக்கா மட்டும் பேனாவை வாங்கிக்கொண்டே ஒரு கேள்வி கேட்டார்.

“என்னா தங்கச்சி இது?”

“போன் விசயம் அக்கா. சும்மா.”

“சும்மாவா? சரி.”

போட்டுவிட்டார்.

தீபாவளிக்குக் கணவர் ஒரு போன் வாங்கி வந்திருந்தார். லீவு முடிந்து வந்த அக்கா, ஒரு நாள் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில், விருந்தினர் இல்லாத வேளையில், அந்தத் துண்டுத் தேயிலையில் நின்று ஒரு நிமிடக் காணொளி எடுத்துப் போட்டார். சத்தியமாகச் சொல்கிறேன், நான் அங்கே எடுத்துப் போட்ட எல்லாவற்றையும்விட அது நன்றாக இருந்தது. விடுதிச் சேலையைத் தோளில் போட்டுக்கொண்டு, விருந்தினர் மாதிரியே ஒரு விரலை நீட்டி இலையைக் கிள்ளி மோந்து பார்க்கிறார். பிறகு கமராவைப் பார்த்துப் பேசுகிறார்.

“இந்தச் சேலையோட மலைக்குப் போனா மொத நெரையிலயே கிழிஞ்சிரும். நாங்க இடுப்புல கட்டுறது சாக்குப் படங்குதாங்க. இப்பிடி ஒவ்வொரு எலையா மோந்து பாத்துப் பறிச்சோம்னா, கொழுந்து நிறுக்குற கணக்கப்பிள்ள ஐயா நம்மளையே கூடையில ஒக்கார வச்சு நிறுத்துருவாரு. அப்பறம் கால்ல ஏறி ரத்தம் குடிக்கிற அட்ட. அட்டைக்கு டிக்கெட் கெடையாது, அது ஃப்ரீ.”

கடைசியில் முழங்காலைத் தட்டிக் காட்டி, “இது மலை எனக்குக் குடுத்தது” என்று சொல்லிச் சிரிப்பார்.

யாரையும் திட்டவில்லை. விடுதியின் பெயரைக்கூடச் சொல்லவில்லை. மலையில் நிற்கிற எந்தப் பெண்ணும் சொல்லக்கூடிய உண்மை, அவ்வளவுதான். இரண்டு நாளில் அது எங்கெங்கோ போய்விட்டது. அப்புத்தளை பஸ்ஸில் கொண்டக்டர் அக்காவை அடையாளம் கண்டு “அட்டைக்கு டிக்கெட் போடணுமா அக்கா?” என்று கேட்டாராம். வெளிநாட்டில் இருக்கிற மலையகத்துப் பிள்ளைகள் எல்லாம் “எங்கம்மா மாதிரியே பேசுறீங்க” என்று எழுதினார்கள்.

மூன்றாம் நாள் விடுதியின் கொழும்புத் தலைமை அலுவலகம் பார்த்துவிட்டது. வேலை இடத்தில் எடுத்த காணொளியைப் போட்டு விடுதியின் பெயருக்குக் களங்கம் ஏற்படுத்தியது நாலாவது விதிப்படி குற்றமாம். விசாரணை முடியும் வரை வேலைக்கு வர வேண்டாம் என்று ஒரு கடிதம். ஆங்கிலக் கடிதம். தட்டச்சு செய்தது நான். கொடுத்ததும் நான்.

அக்கா அதை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். பள்ளிக்கூடத்தில் ஓஎல் பரீட்சை வரை படித்தவர், தமிழ் நன்றாக வாசிப்பார். ஆங்கிலம் வராது. நான் சுருக்கமாக விஷயத்தைச் சொன்னேன்.

“சும்மான்னு சொன்னியே தங்கச்சி.”

அவ்வளவுதான் சொன்னார். கடிதத்தை மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு, காலை இழுத்து இழுத்துப் படி இறங்கிப் போனார். ஒரு மணித்தியாலம் என்னால் மேசையில் உட்கார முடியவில்லை.

அதற்கு மேல் நடந்ததுதான் இன்றைக்கும் என் இரத்தத்தைக் கொதிக்க வைக்கிறது. அக்கா வேலைக்கு வராமல் வீட்டில் இருந்த இரண்டாம் நாள், கொழும்பு அலுவலகத்திலிருந்து எனக்கு ஒரு செய்தி வந்தது. அந்தக் காணொளியைத் தரவிறக்கு, அட்டையும் முழங்காலும் வருகிற கடைசிப் பகுதியை வெட்டு, விடுதியின் சின்னத்தைப் போட்டு நம் பக்கத்தில் ஏற்று. பிழையாக அனுப்பிவிட்டார்கள் என்று நினைத்து, இது விசாரணையில் இருக்கிற காணொளி அல்லவா என்று எழுதிக் கேட்டேன். ஆமாம், நன்றாக ஓடுகிறது, இன்றைக்கே போடு என்று பதில் வந்தது. ‘உண்மையான மனிதர்கள், உண்மையான தேநீர்’ என்று மேலே எழுத வேண்டுமாம்.

அந்த உண்மையான மனிதரை வெளியே நிறுத்திவிட்டு அவருடைய சிரிப்பை மட்டும் உள்ளே எடுத்துக்கொள்கிறார்கள். அக்கா போட்டால் களங்கம், இவர்கள் போட்டால் விளம்பரம். ஒரே காணொளிதான். எனக்கு ஆத்திரம் பொங்கியது. ஆனாலும் போட்டேன். எனக்கும் வேலை வேண்டும் என்று மனதுக்குள் ஒரு சாக்குச் சொல்லிக்கொண்டு, அட்டையை வெட்டினேன், முழங்காலை வெட்டினேன், சின்னத்தை ஒட்டினேன், போட்டேன்.

விசாரணை அடுத்த செவ்வாய்க்கிழமை, சாப்பாட்டு அறையில் நடந்தது. நீள மேசைக்கு அந்தப் பக்கம் மெனேஜரும், கொழும்பிலிருந்து வந்த, ஊழியர் விவகாரம் பார்க்கிற ஆளணிப் பிரிவு அம்மா ஒருவரும். இந்தப் பக்கம் அக்கா தனியாக, தீபாவளிச் சேலையில். நடுவில் மொழிபெயர்க்க நான். அக்கா ஒரு தடவைகூட என் முகத்தைப் பார்க்கவில்லை.

நாலாவது விதியை மீறியதை ஒத்துக்கொள்கிறாரா என்று கேட்கச் சொன்னார்கள். கேட்டேன்.

“நாலாவதுல என்னா இருக்கு?” என்றார் அக்கா.

தாளை எடுத்துத் தமிழில் சொல்லத் தொடங்கினேன். அதை நான் தமிழில் சொல்வது அதுதான் முதல் தடவை. ஆங்கிலத்தில் அழகாக இருந்த வரி, அக்காவுக்கு நேரே தமிழில் சொல்லும்போது ஏச்சு மாதிரி விழுந்தது. ஊழியர் எவரும் நிறுவனத்துக்கு ஊறு விளைவிக்கும் எதையும் எங்கும் எப்போதும் பதிவிடக் கூடாது. எங்கும், எப்போதும். வீட்டுக்குள் இருந்தாலும். இதில்தான் அன்றைக்கு இருபத்திரண்டு கையெழுத்து வாங்கியிருக்கிறேன்.

“நான் கையெழுத்து போட்டப்ப இது தமிழ்ல இருந்துச்சா?”

“இல்லக்கா.”

“அப்ப இப்ப வாசி. மொதல்லருந்து எல்லாத்தையும் வாசி.”

கொழும்பு அம்மா கடிகாரத்தைப் பார்த்தார். நாலாவது மட்டும் போதும், மற்றவை இந்த விசாரணைக்குச் சம்பந்தமில்லை என்றார். அதைச் சொன்னேன்.

“அம்மா, அந்த ஒண்ண வச்சு என்னைய வெளிய போடப் போறீங்க. மிச்சத்துல என்னா இருக்குன்னு தெரிஞ்சுக்கிட்டாவது போறேன். அது மட்டும் குடுங்க.”

இதையும் அப்படியே ஆங்கிலத்தில் சொன்னேன். அவர் சரி என்று கையைக் காட்டினார்.

வாசித்தேன். ஆறாவது விதி, நிறுவனம் வழங்கிய மடிக்கணினிகளைப் பற்றியது. எங்கள் ஆட்களில் ஒருவருக்கும் மடிக்கணினி கிடையாது. ஏழாவது, ஒன்பதாம் மாடிச் சிற்றுண்டிச்சாலையில் படம் எடுக்கக் கூடாது என்றது. நான் கவனிக்காமல் விட்ட வரி.

“ஒம்போதாவது மாடியா?” அக்கா மேலே பார்த்தார். “இந்த பங்களாவுக்கு மாடியே கெடையாதே புள்ள. கூரை மேல ஏறியா சாப்புடுறது?”

மெனேஜர் சிரிக்கவில்லை. தமிழ் அந்த அளவுக்கு அவருக்கு விளங்கியிருந்தது. நான் விதிகளைத் தொடர்ந்து பதினோராவதுக்கு வந்தேன். கண் அந்த விதியில் ஓடியது, வாய் நின்றுவிட்டது.

நான் வாசிக்காத விதி அது. மெனேஜரும் வாசிக்கவில்லை என்று அவர் முகத்தைப் பார்த்தால் தெரிந்தது. தாண்டிப் பன்னிரண்டுக்குப் போனால் அக்காவுக்குத் தெரியப்போவதில்லை. தெரிகிற இருவரும் எனக்கு நன்றிதான் சொல்வார்கள். தாண்டிவிடலாமா என்று ஒரு நொடி யோசித்தேன், அதை இங்கே மறைக்கவில்லை. பிறகு முதலில் ஆங்கிலத்தில் சத்தமாக வாசித்தேன். அடுத்து தமிழில் சொன்னேன்.

ஊழியர் ஒருவரின் படத்தையோ காணொளியையோ குரலையோ நிறுவனம் பாவிப்பதற்கு முன் அவரிடம் எழுத்து மூலம் சம்மதம் பெற வேண்டும். அவர் மறுத்தால் பாவிக்கக் கூடாது.

அக்கா முதன்முறையாக என்னைப் பார்த்தார்.

“ரோட்டுல நிக்கிற பலகைக்கு என்கிட்ட கேட்டீங்களா?”

கேட்டேன். மெனேஜர் என் பக்கம் திரும்பி, அந்த விதி எங்களுக்கானது அல்ல, வேறெங்கோ இருந்து தவறுதலாக வந்துவிட்டது என்றார்.

“அந்தப் பதினொண்ணு தவறுதலா வந்திருச்சாம் அக்கா.”

“அப்ப நாலாவது எங்கருந்து வந்துச்சு?”

இந்தக் கேள்வியை நான் ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் ஆங்கிலத்தில் சொன்னேன். அதற்கு மேல் மொழிபெயர்ப்பாளராக மட்டும் இருக்க என்னால் முடியவில்லை. இரண்டும் ஒரே இடத்திலிருந்து வந்தவை, கொண்டுவந்தது நான், வாசிக்காமல் கொண்டுவந்தேன், கையெழுத்துப் போட்டவர்களுக்கும் வாசித்துக் காட்டவில்லை என்றேன். போனை எடுத்து விடுதிப் பக்கத்தைத் திறந்து மேசையில் வைத்தேன். அக்காவின் குரல் அந்த அறையில் கேட்டது. மூலையில் விடுதியின் சின்னம். இதை ஏற்றச் சொன்னது கொழும்பு அலுவலகம், ஏற்றியது நான் என்றேன். இரண்டு மொழியிலும் சொன்னேன்.

அக்காவுக்கு இது அதுவரை தெரியாது. போனைக் கிட்ட இழுத்து முடியும் வரை பார்த்தார்.

“அட்டையக் காணோம்,” என்றார். “என் காலையும் காணோமே.”

கொழும்பு அம்மா எழுந்து வெளியே போய் யாரோடோ நீண்ட நேரம் போனில் பேசினார். திரும்பி வந்து, எச்சரிக்கையோடு விஷயத்தை முடித்துக்கொள்கிறோம், வேலைக்கு வரலாம் என்றார். ஒரு பக்கத் தாள் நீட்டினார். ஆங்கிலத்தில் இருந்தது. கையெழுத்து வைக்க வேண்டிய இடத்தில் பெருக்கல் குறி மாதிரி ஒரு புள்ளடி.

அக்கா பேனாவைத் தொடவில்லை.

“தமிழ்ல எழுதித் தரச் சொல்லு. வீட்டுல கொண்டு போயி வாசிச்சிட்டு சொல்றேன்.”

தமிழில் அது வரவே இல்லை. அக்கா அடுத்த திங்கட்கிழமை வேலைக்கு வந்தார், யாரும் ஒன்றும் சொல்லவில்லை. விசாரணை முடிந்த அன்றே விடுதிப் பக்கத்திலிருந்து காணொளியை நீக்கிவிட்டேன். இரண்டு வாரத்தில் பாதையில் இருந்த பலகையும் மாறியது. அக்காவின் முகத்துக்குப் பதிலாகப் பங்களாவின் கூரை வந்தது. ஆனால் மன்னிப்பு? யாரும் கேட்கவில்லை. தப்பு நடந்ததாகவே யாரும் ஒத்துக்கொள்ளவில்லை. நான் மட்டும் அக்காவின் வீட்டுக்குப் போய்க் கேட்டேன்.

“தமிழ்லயே கேட்டுட்டியே, அது போதும்,” என்றார். கிண்டலா நிஜமா என்று எனக்கு இன்னும் தெரியாது. தேத்தண்ணி கொடுத்தார், குடித்தேன்.

இதெல்லாம் நடந்த பிறகும் மெனேஜர் எனக்குக் கொடுத்த அடுத்த வேலை என்ன தெரியுமா? பதினோராவதை எடுத்துவிட்டு அதே விதிமுறையில் மறுபடி கையெழுத்து வாங்கு. ஒன்பதாம் மாடியையும் எடுத்துவிடு என்று சொன்னார். அந்தளவுக்குப் பாடம் படித்திருந்தார்.

நான் அதைத் தமிழில் எழுதினேன். பெரட்டில் நின்று ஒவ்வொன்றாகச் சத்தம் போட்டு வாசித்தேன். இங்கே ஒன்று இருந்தது, எடுக்கச் சொல்லிவிட்டார்கள், அது இதுதான் என்று அதையும் வாசித்தேன். சமையல்கார அண்ணன் கையைத் தூக்கினார். “லீவு நாள்ல போன்ல மெசேஜ் போட்டு வரச் சொல்றாங்களே, அப்ப மட்டும் போன் பாக்கலாமா?” என்று கேட்டார். ஆளுக்கொரு கேள்வி வந்தது. விருந்தினர்களுக்குக் காலைச் சாப்பாடு முக்கால் மணித்தியாலம் பிந்தியது. அன்றைக்கு ஒருவரும் கையெழுத்துப் போடவில்லை. எனக்குக் கிடைத்த ஏச்சை இங்கே எழுத முடியாது.

ஆறு மாதத்தில் அந்த வேலையை விட்டேன். இப்போது பதுளை டவுனில் ஓர் அலுவலகத்தில் இருக்கிறேன். சேர்ந்த முதல் நாள் இங்கேயும் ஒரு தாள் நீட்டினார்கள். சமூக வலைத்தளம் பற்றியதுதான், நாலு பக்கம். “சும்மா ஒரு ஃபோர்மாலிட்டி” என்றார் கொடுத்தவர். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து கடைசி வரி வரை வாசித்தேன். அவர் மேசையில் பேனாவைத் தட்டிக்கொண்டே நின்றார். அந்தச் ‘சும்மா’வைக் கேட்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் பற்றிக்கொண்டு வருகிறது, அதில் பாதிக் கோபம் அன்று காலை பின்முற்றத்தில் பேனாவோடு வரிசை வரிசையாகப் போன என் மேல்தான்.